மூக்கு வெளியே இருக்கட்டும்

நடவுப் பாட்டுக்காரர் சென்வில் கோபக்காரர். போன வருஷம் ஒருத்தன், "அண்ணே, வரிசை கோணலாப் போகுதே" என்று வாயைத் திறந்துவிட்டான். மனுஷர் மேளத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். பாட்டுக்காரர் போனால் கூட்டம் நிற்குமா? இருபது பேரும் பின்னாலேயே போனார்கள். அவன் நிலம் பாதி நடவோடு கிடந்தது.

அந்த சென்வில்தான் இன்று ஜெசுலாவின் தோட்டத்துக்கு ஆள் திரட்டி வந்திருந்தார். கென்ஸ்கோஃப் மலையில் நடவுக்குக் கூலி கேட்கிற வழக்கமில்லை. வந்தவர்களுக்கு வயிறாரப் போட்டு, ஆளுக்கு ஒரு மடக்கு கரும்புச் சாராயம் ஊற்றினால் சரி. நட்டுக் கொடுப்பது அவர்கள் பாடு, ஆக்கிப் போடுவது அவள் பாடு.

ஜெசுலா சோளக்களியைக் கிண்டியபடி காது கொடுத்துக் கேட்டாள். "எறங்கு பல்லே, ரெண்டு கணு!" என்று சென்வில் பாட, மேளம் விழும். அந்த அடிக்குக் குழி போடுகிற குச்சிகள் எல்லாம் ஒன்றாக மண்ணில் இறங்கும். அடுத்த அடிக்குப் பூண்டுப் பல் குழிக்குள், கூர்முனை மேலே பார்க்க. பூண்டுக்கு விரலில் இரண்டு கணு ஆழம்தான் கணக்கு. கேட்கவே மனசு நிறைந்தது.

பூண்டுப் பாத்தி முடிந்து கூட்டம் கீழ்ப் பாத்திக்கு இறங்கியது. பாட்டு மட்டும் மாறவில்லை. ஜெசுலா கரண்டியோடு ஓடிவந்து பார்த்தாள். அவள் கூடையிலிருந்த சின்ன வெங்காயமும் அதே இரண்டு கணு ஆழத்தில் போய்க்கொண்டிருந்தது!

போன வருஷம் அவள் தன் கையாலேயே அப்படித்தான் புதைத்தாள். பத்து நாள் மழைக்குப் பிறகு தோண்டினால் எல்லாம் கொழகொழவென்று அழுகல். பாத்தி ஓரத்தில் மண் போதாமல் மூக்கை நீட்டிக்கொண்டிருந்த சில மட்டும் பிழைத்தன. அவற்றைக் காப்பாற்றி, மீதிக்கு ஆட்டை விற்றுச் சேர்த்த விதை இந்தக் கூடை. புருஷன் எல்லை தாண்டி வேலைக்குப் போய் மூன்று வருஷம், ஒரு தகவல் இல்லை. இதுவும் அழுகினால் மகள் நதேஜைக் கூடப்பிறந்த அக்கா வீட்டில் விட்டுவிட்டு, தலைநகரில் யார் வீட்டிலாவது பாத்திரம் தேய்க்கப் போகவேண்டியதுதான். அக்கா படுக்கைகூட ஒழித்து வைத்துவிட்டாள்.

"ஆசெஃபி அக்கா, நீங்களாவது சொல்லுங்களேன்" என்று பக்கத்து வீட்டுக்காரியைக் கெஞ்சினாள்.

"நானா? நல்லா மாட்டிவிடப் பாத்தியே! உதவிக்கு வந்தவங்ககிட்ட நிலத்துக்காரி குத்தம் சொல்றதா? போடி, களி அடிப்பிடிக்குது."

மலை முகட்டில் மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. மூன்று வரிசை முடிந்துவிட்டது. சொன்னால் கூட்டம் போய்விடும், சொல்லாவிட்டால் விதை போய்விடும். ஆனால் நடவுப் பாட்டில் மட்டும் யாரையும் யாரும் வாரலாம். பாதிரியாரையே வாரியிருக்கிறார்கள். பாட்டுக்குக் கோபித்துக்கொள்கிறவனைப் பார்த்து ஊரே சிரிக்கும்.

ஜெசுலா பானை மூடியில் கரண்டியால் தட்டினாள். குரலெடுத்துப் பாடினாள்.

"சென்வில் அண்ணே, சென்வில் அண்ணே,
எம்புள்ளைய எங்க பொதச்சே?
பூண்டு தூங்கும் போத்திக்கிட்டு,
வெங்காயம் மூச்சு முட்டுதே!
கழுத்துவரை மண்ணு போடு,
மூக்கு வெளிய இருக்கட்டும்!"

மேளம் நின்றது. குச்சிகள் அந்தரத்தில் நின்றன. ஆசெஃபி சிலுவை போட்டுக்கொண்டாள். சென்வில் மேளத்தின் வாரைப் பிடித்தார். போச்சு, எல்லாம் போச்சு என்று ஜெசுலா கண்ணை மூடிக்கொண்டாள்.

திறந்தபோது சென்வில் குந்தி உட்கார்ந்து ஒரு வெங்காயத்தைத் தோண்டிக்கொண்டிருந்தார். புரட்டிப் பார்த்தார். மூக்கு தெரிய மறுபடி வைத்தார். பிறகு மெதுவாக மேளத்தைத் தட்டினார்.

"அஞ்சு வருசம் அழுகிப் போச்சு,
போனெல் கண்ணு பட்டதுன்னு ஏசிப்புட்டேன்!
சந்தையில வாங்கி சாக்குல மறச்சு
எங்காட்டு வெங்காயம்னு சொல்லிப்புட்டேன்!"

சிரிப்பில் மலையே அதிர்ந்தது. அவர் மனைவி குச்சியை ஓங்கிக்கொண்டு வந்தாள். "அட அநியாயக்கார மனுசா! இதுக்கா அஞ்சு வருசமா போனெல் வீட்டு வாசல மிதிக்க விடல?"

வரிசைக் கடைசியில் நின்ற போனெல் சிரிக்கவில்லை. குனிந்து, தனக்கு முன்னாலிருந்த வெங்காயத்தைத் தோண்டி மேலே வைத்தான். சென்வில் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்து அடுத்ததைத் தோண்டினார். மூன்று வரிசையையும் எல்லாருமாகத் தோண்டி எடுத்துத் திரும்ப நட்டார்கள். கடைசி வெங்காயம் உட்காரவும் மழை விழுந்தது.

"தங்கச்சி, களி போடு. மொதத் தட்டு போனெலுக்கு" என்றார் சென்வில்.

மழை ஒரு வாரம் விடவில்லை. ஜெசுலா தினமும் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு போய்ப் பார்த்தாள். ஒன்பதாம் நாள் ஒவ்வொரு மூக்கிலும் பச்சை எட்டிப் பார்த்தது. அங்கேயே சேற்றில் உட்கார்ந்து அழுதாள். பிறகு சந்தைக்குப் போகிற ஆசெஃபியிடம் அக்காவுக்குச் சொல்லி அனுப்பினாள்: "நதேஜ் வரமாட்டா. அந்தப் படுக்கையச் சுருட்டி வச்சிரச் சொல்லுங்க."