ஐந்தாவது பெயர்

"டேய் பரடெனே! செத்துட்டா விட்டுடுவேன்னு நெனச்சியா?" கைத்தடியைப் பெட்டியை நோக்கி நீட்டிக் கத்தினார் டியோபிரா. "ஜெராக்ஸ் போட்டு ஊருக்கே குடுத்தியே, வெக்கமா இல்ல?"

பரடெனே திறந்த பெட்டியில் மீசை கலையாமல் கிடந்தார். குலத்தின் பொதுக்கூடமான மராயின் முற்றத்தில் செத்தவரை நேருக்கு நேர் திட்டலாம்; அவர் திருப்பித் திட்டமாட்டார் என்பதுதான் ஒரே குறை. பெட்டியருகே, தலையில் இலை வளையத்துடன் மகள் மெரானியா பாயில் உட்கார்ந்திருந்தாள். செத்து மூன்றாம் நாள். சமையல்கூடத்தில் பன்றிக்கறி வெந்துகொண்டிருந்தது.

அப்பாவுக்கு வம்சாவளிப் பைத்தியம். தன் நாய்க்கே பதினாறு தலைமுறை நோட்டில் எழுதிவைத்திருந்தார். பதினேழாவது திருட்டு நாய் என்றும் குறித்திருந்தார். போன ஈஸ்டருக்குக் குடும்பம் கூடியபோது, பழைய நிலக்கோர்ட்டுக் கட்டுகளைக் கிளறிக் கண்டுபிடித்ததை ஆளுக்கொரு பிரதி கொடுத்தார். டியோபிராவின் பூட்டனுக்கு அப்பனைப் பெற்றவள் தலைவரின் பெரிய மனைவி அல்ல. சண்டையில் பிடித்துவந்த அடிமை, குராரங்கி. அவள் தப்பி இங்கே வந்து பெற்ற இன்னொரு பிள்ளையின் வழி பரடெனே. இரண்டு குடும்பமும் உறவு என்பது எல்லோருக்கும் தெரியும். எந்த வழி என்றுதான் அதுவரை யாரும் கேட்டதில்லை.

"இவன எங்க மண்ணுக்குத் தூக்கிட்டுப் போறோம். அந்த நோட்டும் இவனோட குழிக்குள்ள போகும்!" டியோபிராவின் ஆட்கள் முப்பது பேர் எழுந்து நின்றார்கள்.

மெரானியா மடியிலிருந்த நோட்டை இறுக்கிக்கொண்டாள். அம்மாவுக்குப் பக்கத்தில் குழி வெட்டியாயிற்று.

"உறவு வழியச் சொல்லு, தூக்கிட்டுப் போ. மொற அதானே?" என்றாள் அத்தை ஹுஹானா.

உறவுக்காரர் செத்தவரைத் தம் மண்ணில் புதைக்கக் கேட்கலாம்; ஆனால் தன் அப்பாவில் தொடங்கி, இரு குடும்பமும் சேரும் ஆள்வரை பெயர் சொல்ல வேண்டும். ஒரு பெயரை விட்டுத் தாண்டினால், அடுத்த சவப்பெட்டி சொன்னவர் வீட்டிலிருந்து என்பது நம்பிக்கை.

டியோபிரா சுண்டுவிரலை மடக்கினார்: அப்பா. மோதிரவிரல்: தாத்தா. நடுவிரல்: பூட்டன். ஆள்காட்டி: பூட்டனின் அப்பன். கட்டைவிரல் மட்டும் நின்றது, செத்தவரைப் பாராட்டுவதுபோல. பெரிய மனைவியின் பெயரைச் சொன்னால் வழி இந்தப் பெட்டிவரை வராது. அடிமையின் பெயரைச் சொன்னால் வரும்.

மெரானியா அந்தக் கட்டைவிரலையே பார்த்தாள். ஒரே ஒரு பெயர். வாயைத் திறந்தாரானால் அப்பா கிளம்பிவிடுவார்.

"என்னப்பா, தொண்ட கட்டிக்கிச்சா?" என்றாள் ஹுஹானா. பதிலுக்குக் காத்திராமல் பாட்டை எடுத்தாள். பெண்கள் எல்லோரும் எழுந்து சேர்ந்துகொண்டார்கள். பாட்டு எழுந்தால் பேச்சு முடிந்தது.

"திட்டம் போட்டே செத்திருக்கான் பாவி," என்று டியோபிரா உட்கார்ந்தார்.

புதைத்துவிட்டு எல்லோரும் நகர்ந்த பிறகும் அவர் மண்மேட்டருகே நின்றார். உதடு அசைந்தது. கேட்கவில்லை.

கல்லறை வாசல் குழாயடியில், நோட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு மெரானியா நின்றாள்.

"கையக் கழுவுங்க, பெரியப்பா."

"கழுவிட்டுத்தான்டி இருக்கேன்."

நீட்டிய கை முஷ்டியாக இருந்தது. ஐந்து விரல்களும், கட்டைவிரல்கூட, மடங்கியிருந்தன. தண்ணீர் அதன்மேல் விழுந்து வழிந்தது.