வெளியூர் அணியின் அறை

வெள்ளத்துக்குத் தப்பி ஸ்டேடியத்துக்கு வந்த எங்களுக்கு ஒதுக்கியது, வெளியூர் அணிக்காரர்கள் உடை மாற்றும் அறை. சுவரில் எவனோ பந்தை எங்கே அடிக்க வேண்டும் என்று அம்புக்குறி போட்டு வைத்திருந்தான். அதன் கீழே எங்கள் பாய். பக்கத்துப் பாய் அண்ணன் குடும்பத்துக்கு. அவன் வீடும் எங்கள் தெருவில்தான்.

ஏரியைத் தூர்த்துக் கட்டிய ஸ்டேடியம் இது. ஏரிக்குப் போக வேண்டிய தண்ணீர் எங்கள் தெருவுக்கு வந்தது, நாங்கள் ஏரி இருந்த இடத்துக்கு வந்தோம். நல்ல நியாயம். கட்டிய நாளிலிருந்து இங்கே பந்தாட்டத்தைவிட மற்றதெல்லாம் நடந்ததுதான் அதிகம். பாட்டுக் கச்சேரி, கட்சி மாநாடு, ஓட்டு எண்ணிக்கை, தடுப்பூசி முகாம், இப்போது நாங்கள். எதுவானாலும் ஒலிபெருக்கியில் பேசுவது என் அண்ணன். அதுதான் அவன் வேலை.

ஞாயிற்றுக்கிழமை இறுதிப் போட்டி என்று பேச்சு அடிபட்டதும் அவனைப் பிடித்துக்கொண்டேன். வீட்டில் இன்னும் இடுப்பளவு தண்ணீர் நிற்கிறது, ஸ்டேடியம் மேனேஜரிடம் ஒரு வாரம் மட்டும் கேட்டுப் பார் என்றேன். போய்விட்டு வந்தவன் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. டிவிக்காரர்கள் வருகிறார்களாம், அறையைக் கழுவி வாசனை அடிக்க வேண்டுமாம். நாங்கள் எங்கே போவது என்றதற்கு மேனேஜர் கையை விரித்துவிட்டார். அதோடு விட்டாரா? காலி செய்யச் சொல்லும் அறிவிப்பையும் அண்ணன் தலையிலேயே கட்டிவிட்டார்.

"சொல்ல மாட்டேன்னு சொல்லிடுண்ணே."

"நான் சொல்லலேன்னா இன்னொருத்தன் சொல்லப்போறான். எனக்கு வேலையும் போயிடும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சாயங்காலம் ஒலிபெருக்கி கரகரத்தது. ஆட்டத்தன்று பேசும் அதே கணீர்க் குரல். காலைக்குள் எல்லோரும் காலி செய்ய வேண்டும், மூன்றாம் வாசல் வழியாக வரிசையில் போகவும் என்றான். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆட்டம் முடிந்ததும் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய், பாழாய்ப்போனது, தானாக ஓடியது.

"வருகை தந்தமைக்கு நன்றி. அனைவரும் பத்திரமாக வீடு போய்ச் சேருங்கள்."

அறையில் யாரோ சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. அவன் மேலிருந்த கோபம் போன இடம் தெரியவில்லை, பாவமாக இருந்தது.

அண்ணன் படியிறங்கி வந்தான். யாரையும் பார்க்காமல் தன் பாயைச் சுருட்டக் குனிந்தான். அதன் மேல் உட்கார்ந்திருந்த அண்ணி எழுந்திருக்கவில்லை.

"நீங்களே சொல்லுங்க, எந்த வீட்டுக்கு?" என்றாள்.

பாயின் ஓரத்தைப் பிடித்தபடியே அண்ணன் தரையில் உட்கார்ந்துவிட்டான்.