சத்தம் நின்ற மதியம்

கம்ப்யூட்டர் பெட்டியின் கடைசி ஸ்க்ரூ துருவேறி அசைய மறுத்தது. யமுனா பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்க்ரூடிரைவரை அழுத்தித் திருகினாள்.

“விடுக்கா. அந்த சைஸ் ஃபேன் கடைக்கு வர ரெண்டு நாளாகுமாம்,” என்றான் தம்பி தமிழ்மணி.

“அப்பாவுக்கு ரெண்டு நாள் இருக்குன்னு டாக்டரே சொல்லலையேடா.”

தமிழ்மணி டார்ச்சை எடுத்து அவள் பக்கத்தில் வைத்தான்.

அப்பா வெள்ளைச்சாமி வையம்பட்டியிலிருந்து வைத்தியத்துக்கு வந்தவர். இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்டார்கள். பாலக்கரையில் யமுனாவுக்கு இருந்தது ஒரே அறை. அதில்தான் அவர் கட்டிலும், பள்ளிக்கூடத்துக்கு அவள் கேள்வித்தாள் டைப் செய்யும் பழைய கம்ப்யூட்டரும். நாளைக்குப் பரீட்சை. வேலையை நிறுத்த முடியாது. ஆனால் கம்ப்யூட்டருக்குள் அந்த ஃபேன் உறுமும்போதெல்லாம் அப்பாவின் இமை துடிப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கவும் அவளால் முடியவில்லை.

ஸ்க்ரூ கழன்றது. உள்ளே பஞ்சு பஞ்சாகத் தூசி. பிரஷ்ஷால் துடைத்தாள். ஃபேனின் நடுவிலிருந்த ஸ்டிக்கரை நகத்தால் உரித்து, தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு ஓடவிட்டாள். உறுமல் போய், டக் டக்கென்று வேறொரு சத்தம் வந்தது.

“நீ கேக்க மாட்ட. நான் போய் கஞ்சி வாங்கிட்டு வரேன்,” என்று தமிழ்மணி கிளம்பினான்.

மறுபடி கழற்றினாள். டார்ச் அடித்துப் பார்த்தபோது, தொங்கிய ஒயர் ஒன்று இறக்கையில் உரசுவது தெரிந்தது. அதை இழுத்து நூலால் கட்டி, சுவிட்சைப் போட்டாள். தெருவில் போகும் ஆட்டோவின் சத்தம் மட்டும் கேட்டது.

அவள் டைப் செய்யத் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் அப்பாவின் கை போர்வையைத் துழாவியது.

“யமுனா... எங்கம்மா போயிட்ட?”

“இங்கதாம்ப்பா இருக்கேன்.”

“சத்தத்தக் காணோமே. நீ கிளம்பிட்டன்னு நெனச்சேன்.”

யமுனாவின் விரல்கள் கீபோர்டின் மேல் அப்படியே நின்றன. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

“வாய்விட்டுப் படிச்சுக்கிட்டே அடிக்கிறேன்ப்பா. நீங்க கேட்டுக்கிட்டே படுங்க. மழைநீரைச் சேமிக்கும் வழிகள் இரண்டினை எழுதுக.”

“ரெண்டு எப்படிப் பத்தும்?”

“வாத்தியார் ரெண்டுதான் கேக்குறாரு.”

“மொதல்ல குளத்தத் தூர்வாரணும்னு போடு. இன்னொண்ண அவரு யோசிக்கட்டும்.”

அவள் சிரித்துவிட்டாள். அடுத்த கேள்விக்கும் அதற்கடுத்ததற்கும் அவரிடமிருந்து ‘ம்’ மட்டும் வந்தது. அதுவே அவளுக்குப் போதுமாயிருந்தது. நிறுத்தாமல் படித்தாள்.

“கால்நடைகளால் நமக்குக் கிடைக்கும் பயன்கள் யாவை?”

பதில் இல்லை. குரலை உயர்த்தி அதே கேள்வியை இன்னொரு முறை படித்தாள். அவர் பதில் சொல்ல எடுத்துக்கொள்ளும் நேரம் வரைக்கும் திரையைப் பார்த்தபடி காத்திருந்தாள். அப்புறம்தான் திரும்பினாள்.

தமிழ்மணி கஞ்சித் தூக்கோடு வந்து வாசலில் செருப்பைக் கழற்றினான்.

“தூங்கிட்டாராக்கா?”

அப்பாவின் கையைப் பிடித்தபடி கட்டிலில் உட்கார்ந்திருந்த யமுனா, கொஞ்சம் நகர்ந்து தம்பிக்கு இடம் விட்டாள்.