எடுத்துக் கொடுக்கக் கூடாது

அந்தக் குழுவில் கண்டிப்பான விதி ஒன்றுதான். பக்கவாதத்தில் பேச்சுப் போனவர் ஒரு சொல்லைத் தேடித் தடுமாறினால், பக்கத்தில் இருப்பவர் அதை எடுத்துக் கொடுக்கக் கூடாது. காத்திருக்க வேண்டும். காலமெல்லாம் அடுத்தவர் எழுத்தில் பிழை திருத்தியே சம்பளம் வாங்கிய எனக்கு முதலில் கை அரித்தது. பிறகு பழகிவிட்டது. அண்ணன் பிழைத்திருந்தால் அந்த வட்டத்தில் ஒரு நாற்காலி அவனுடையது என்ற நினைப்பில்தான் சனிக்கிழமைதோறும் உதவிக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

ஒரு சனிக்கிழமை அந்த நாற்காலியில் பூட்டு வந்து உட்கார்ந்தார்.

அண்ணன் மெஷின் ஓட்டிய அச்சகத்தின் மேலாளர் அவர். மணி அடித்ததும் கேட்டைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். அதனால் தொழிலாளிகள் வைத்த பெயர். அண்ணன் மெஷினோரம் சரிந்து, வாய் கோணி, நாக்குக் குழறியபோது இவர் எட்டிப் பார்த்துச் சொன்னாராம்: "தண்ணி போட்டிருக்கான். தெளியட்டும்." காகிதக் கட்டுகளின் மேல் கிடத்தினார்கள். ஷிஃப்ட் முடியும்வரை கேட் திறக்கவில்லை. "கொஞ்சம் முன்னாடி கொண்டு வந்திருந்தா..." என்று டாக்டர் இழுத்தார். ஒரு சொட்டுகூடக் குடித்தறியாதவன் அண்ணன். ஆனால் ஊர் வாயில் அண்ணி இன்றுவரை குடிகாரன் பெண்டாட்டி.

இப்போது அவருடைய வலது கை, யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன குடைபோல மடியில் கிடந்தது.

"இவருக்கு ஒரே வார்த்தைதான் தம்பி மிச்சம்," என்றார் அவர் மனைவி. "பசிச்சாலும் அதான், பாத்ரூம் வந்தாலும் அதான்."

"என்ன வார்த்தைங்க?"

அவரே சொன்னார். "தண்ணி."

நான் குனிந்து, என் அவிழாத ஷூ லேஸை அவிழ்த்துக் கட்டினேன்.

"இவரை நானே பாத்துக்கறேன்," என்று பேச்சுப் பயிற்சி டீச்சரிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

"பொறுமையா இருங்க. அவருக்கு எல்லாம் புரியும். சொல்லத்தான் வரல," என்றார் டீச்சர்.

எல்லாம் புரியும். எனக்கு வேண்டியதும் அதுதான். அவர் காதோரம் குனிந்தேன். "சார், நான் உங்க மெஷின்காரரோட தம்பி." அவர் கண் ஓடிப்போய் வாசலில் நின்றது. கால்தான் போகவில்லை.

முதல் சில வாரம் எனக்கு விளையாட்டாக இருந்தது. அவர் "தண்ணி" என்பார். புரையேறாமலிருக்க மாவு கலந்து கெட்டியாக்கிய தண்ணீரை நீட்டுவேன். அது இல்லை என்று இடது கையால் மேசையைத் தட்டுவார். "கேட்டீங்களே சார்?" என்று இன்னொரு தம்ளர் கொண்டு வருவேன். "எவ்வளவு பொறுப்பா கவனிக்கறீங்க!" என்பார் அவர் மனைவி.

ஒருநாள் பொறி தட்டியது. எனக்கு வேண்டிய வாக்கியத்தில் பாதி அந்த வாயில் ஏற்கெனவே இருந்தது. இன்னும் ஒரு சொல் போதும்.

மேசையில் அவர் இடது கையைத் தட்டித் தட்டி, தாளம் போட்டுக் கற்றுக்கொடுத்தேன். தண்ணி. போடல. அவர் உதட்டை இறுக்கிக்கொண்டார். நான் காத்திருந்தேன். அவர் கண்ணில் நீர் முட்டியது. துடைத்துவிட்டேன். மறுபடி தட்டினேன்.

குடும்பங்கள் கூடும் நாளில் ஒவ்வொருவரும் எழுந்து ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். அண்ணியை முன்வரிசையில் உட்கார வைத்தேன். "என்னை எதுக்குப்பா இழுத்துட்டு வந்தே?" என்றாள். "கேளுங்க அண்ணி, போதும்."

பூட்டு எழுந்து நின்றார். அண்ணியைப் பார்த்தார்.

"தண்ணி..."

யாரோ தம்ளரோடு ஓடி வந்தார்கள். அவர் தலையை ஆட்டினார். கால் நடுங்கத் தொடங்கியது.

"தம்பி, விழுந்துடுவார். அதென்ன வார்த்தைன்னு எடுத்துக் குடுங்களேன்!" என்றார் அவர் மனைவி.

"கூடாதுங்கம்மா. காத்திருக்கணும்."

நான் அவர் முதுகுக்குக் கை கொடுத்து நின்றேன். உட்கார விடவில்லை. சட்டை முழுக்க வியர்வை. எச்சில் தாடையில் வழிந்தது. ஒரு கட்டத்தில் அவர் இடது கை தானாகத் தொடையில் தட்டியது.

"தண்ணி... போ... போடல."

கூடம் கைதட்டியது. "பெரியவர் சத்தியம் பண்றாருப்பா!" என்று பின்னால் ஒருவர் சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். "நிஜந்தாங்க, இவர் தொட்டதே இல்ல," என்றார் மனைவி பெருமையாக.

"யாரு சார் போடல?" என்றேன் சத்தமாக.

சிரிப்பு அடங்கியது. அவர் இடது கையைத் தூக்கி அண்ணியை நோக்கி நீட்டினார். கூடத்தில் யாருக்கும் விளங்கவில்லை. அண்ணிக்கு விளங்கியது. எழுந்தாள். அவர் எதிரே வந்து நின்று அந்த முகத்தை ஒருமுறை முழுசாகப் பார்த்தாள். திரும்பி வெளியே போய்விட்டாள். அவள் ஏதாவது சொல்வாள் என்று அவர் காத்திருந்தது எனக்குத் தெரிந்தது. நான் அதையும் எடுத்துக் கொடுக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை டீச்சர் என் தோளைத் தட்டினார். "அதிசயம் பண்ணிட்டீங்க. அடுத்து என்ன வார்த்தை?"

"யோசிச்சு வெச்சிருக்கேன்," என்றேன்.

அவர் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். இடது கையை எடுத்து மேசைமேல் வைத்தேன். அது சில்லிட்டிருந்தது.

"சொல்லுங்க சார்," என்றேன். "பூட்டினேன்."