சிவப்புப் பசை

டாக்டரின் பழைய ஸ்போர்ட்ஸ் காரை இன்னொரு வண்டியில் கட்டி இழுத்துவந்து என் பட்டறைக்குள் தள்ளிவிட்டபோது காலை பதினோரு மணி. டாக்டர் முதலில் இறங்கினார். பின்னாலேயே அவருடைய தம்பி, ஸ்பேனர் பெட்டியை மடியில் வைத்தபடி வந்திருப்பார் போல, அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இறங்கினார்.

"பாத்துச் சொல்லுங்க மாஸ்டர். நம்ம அரைகுறை பதினாலு மாசம் உக்காந்து கட்டின இன்ஜின். ஆயிரம் கிலோமீட்டர்கூடத் தாங்கல."

அரைகுறை என்பது தம்பிக்கு வீட்டில் வைத்த பெயர். வயது நாற்பத்து மூன்று. வேலை பார்த்த ஆலை மூடியபின் அண்ணன் வீட்டு மாடியறையில் இருக்கிறார். கார் ஷெட்டில் அவர் அந்த இன்ஜினைக் கட்டியதை நான் இரண்டு தடவை போய்ப் பார்த்திருக்கிறேன். எண்ணெய் போகும் ஒவ்வொரு துவாரத்தையும் மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி, காற்றடித்து, டார்ச் வெளிச்சத்தில் ஒற்றைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் அடுத்த வேலைக்கு நகர்வார். என் கையில்கூட அவ்வளவு சுத்தம் கிடையாது.

ஸ்டார்ட் பண்ணினேன். இன்ஜினின் மேல்பக்கம் தகரத்தில் ஆணி அடிப்பதுபோல் தட்டியது. உடனே அணைத்துவிட்டேன். ஆனால் அதற்குள் ஆயில் மீட்டரின் முள் சரியான இடத்துக்கு ஏறி நின்றதைப் பார்த்தேன்.

"பிரஷர் நல்லாத்தானே காட்டுது?" என்றார் டாக்டர்.

"மீட்டர் கீழ இருக்கிற பிரஷரத்தான் காட்டும், டாக்டர். மேல இன்ஜின் தலைக்கு எண்ணெய் ஏறுதா இல்லையான்னு அதுக்குத் தெரியாது."

"ஓ! பி.பி. எல்லாம் நார்மல், மூளைக்கு மட்டும் ரத்தம் போகல. அப்படியே இவன் கேஸ்தான்." அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். தம்பி மேல்மூடியின் நட்டுகளைக் கழற்ற ஆரம்பித்திருந்தார்.

மூடியைத் தூக்கிவிட்டு உள்ளே குனிந்து பார்த்தேன். எண்ணெயில் ஊறிக் கிடக்கவேண்டிய கேம்ஷாஃப்ட் தண்டு வெயிலில் கிடந்த எலும்புபோல் காய்ந்திருந்தது. நகத்தால் தடவினால் கீறல்களில் நகம் மாட்டியது. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, தம்பியை ஸ்டார்ட்டரை அழுத்தச் சொன்னேன். இன்ஜின் சும்மா சுற்றியது. மேலே ஒரு சொட்டுகூட வரவில்லை.

அந்த இன்ஜினில் தலைக்கு எண்ணெய் போவது பின்பக்கம் வெளியே ஓடும் ஒரு மெல்லிய குழாய் வழியாகத்தான். குழாயைத் தலையோடு பிடித்திருக்கும் போல்ட்டைக் கழற்றி, மறுபடி சுற்றச் சொன்னேன். குழாயிலிருந்து எண்ணெய் பீய்ச்சி என் சட்டையில் அடித்தது. ஆக, இதுவரைக்கும் வருகிறது, உள்ளேதான் அடைப்பு. தலையின் துவாரத்தில் மெல்லிய கம்பியை விட்டேன். இரண்டு விரல் ஆழத்தில் நின்றது. இரும்பில் இடிக்கிற மாதிரி இல்லை, மெத்தென்று நின்றது. நுனியை வளைத்து, பொறுமையாகக் கொக்கி போட்டு இழுத்தேன். சிவப்பாக, புழுபோல ஒன்று வெளியே வந்தது. கசிவை நிறுத்தப் பூசும் பசை, கெட்டியாகிப்போயிருந்தது.

முதலில் வாயைத் திறந்தவர் தம்பிதான். "மாஸ்டர், நான் அந்த எடத்துல பசையே போடல. செம்பு வாஷர்தான் போட்டேன். எங்கிட்ட இருக்கிறதும் கறுப்புப் பசை. செவப்பு நான் வாங்கினதே இல்ல."

எனக்குத் தெரியும். சிவப்பு டியூபைக் கொடுத்தவனே நான்தான். மூன்று வாரத்துக்கு முன்னால் டாக்டர் வந்து, அந்த போல்ட்டில் எண்ணெய் கசிகிறது, வாஷர் வேண்டும் என்றார். அந்த அளவு என்னிடம் இல்லை. டியூபை எடுத்து நீட்டி, தம்பியிடம் கொடுங்கள் என்றேன். "அவன்கிட்டயா? பூசறதுக்கு நல்ல நாள் பாப்பான். நானே பூசிக்கறேன்" என்று வாங்கிப்போனார். கொஞ்சமாகப் பூசுங்கள், அதிகமானால் பிதுங்கி உள்ளே போகும் என்று நான் சொல்லவில்லை.

டாக்டர் என் விரல் நுனியில் இருந்ததையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு விளங்கிவிட்டது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, தன் நோயாளிகளிடம் பேசுகிற அந்த மெதுவான குரலில் கேட்டார்.

"வியாழக்கிழமை ஆபரேஷன். வீட்டம்மாவ காலைல ஏழு மணிக்கே கூட்டிட்டு வந்துடுங்க, மறந்துடாதீங்க. சரி, இது யாரு வேலை? இன்ஜினக் கட்டினவன் வேலைதானே?"

என் மனைவியின் கழுத்துக்கட்டி இப்போது எலுமிச்சம்பழ அளவு. தண்ணீர் குடித்தாலே முகம் சுளிக்கிறாள். மூன்று மாதம் காத்திருக்கச் சொன்ன ஆஸ்பத்திரியில், நானே செய்கிறேன் என்று தேதியை முன்னே இழுத்துத் தந்தவர் இவர்.

"கட்டும்போதுதான் விழுந்திருக்கும், டாக்டர்" என்றேன்.

தம்பி என்னைப் பார்த்தார். கோபப்பட்டிருந்தால் தேவலை.

"நல்லாப் பாத்துத்தான் சொல்றீங்களா மாஸ்டர்?"

"முப்பது வருஷமா இதத்தாங்க பாத்துட்டு இருக்கேன்."

அவர் தலையாட்டினார். பிறகு தனக்குத்தானே பேசுவதுபோல், "கேஸ்கட் வெக்கிறப்ப... பழைய வேலையில ஒட்டிட்டு இருந்ததா? ஆனா நான் கழுவினேனே. ஒருவேள, அந்தத் துவாரத்த மட்டும் பாக்காம விட்டுட்டேனோ?" என்றார். இல்லாத தப்பைத் தேடி, பதினாலு மாதத்தின் ஒவ்வொரு நாளாகக் கிளறிக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை நான் சொன்னால் போதும். கை துடைக்கத் துணி தேடினேன்.

டாக்டர் ஒரு வெள்ளைத் துணியை விரித்து, அதன்மேல் அந்தச் சிவப்பை வைக்கச் சொன்னார். குனிந்து போனில் போட்டோ எடுத்தார். ஏதோ ஒரு வரி தட்டி, குடும்ப வாட்ஸ்அப் குரூப்புக்கு அனுப்பினார். "குடும்பத்துல எல்லாரும் தெரிஞ்சுக்கட்டும். நான்தான் இவனக் கொறை சொல்றேன்னு பேசறாங்க."

தம்பியின் சட்டைப்பையில் போன் ஒலித்தது. கையெல்லாம் எண்ணெய் என்பதால் அவர் எடுக்கவில்லை. மண்ணெண்ணெயில் துணியை நனைத்துப் பிழிந்து, கேம்ஷாஃப்ட்டை ஒரு முனையிலிருந்து துடைக்கத் தொடங்கினார். மறுபடி ஒலித்தது. அக்காவோ, சித்தப்பாவோ, மச்சானோ. பிறகு நிற்காமல் ஒன்றன்பின் ஒன்றாக. பட்டறையின் உள்மூலை கொஞ்சம் இருட்டு. ஒவ்வொரு தடவையும் அவருடைய பழைய சட்டையின் மெல்லிய பைத்துணி நெஞ்சுக்கு நேராக வெளுத்து ஒளிர்ந்து அணைந்தது.