பயன்படாத மாட்யூல்

ஐந்தரைக்கு எழுந்தேன். பால் காய்ச்சினேன். ஒரு டம்ளர். சட்டையை இஸ்திரி போட்டேன். காட்பாடியில் ரயில் ஏறி ஆம்பூரில் இறங்கினேன். ஷூ கம்பெனியின் கம்ப்யூட்டர் அறையை நான்தான் திறந்தேன். 2008, ஆகஸ்ட்.

சூரியபிரகாஷ் ஒன்பதரைக்கு வந்தான். எங்கள் புரோகிராமில் பேக்கிங் லிஸ்ட் போடும் பகுதி, அந்த மாட்யூல், அவனுடையது. அதில் தோலின் அளவு இரண்டு முறை தப்பாகப் போய்ச் சரக்கு திரும்பி வந்தது. பிழை ஜெனிஃபா எழுதிய அளவு மாட்யூலில் என்று மேனேஜர் கோதண்டபாணியிடம் சொல்லிவிட்டான். ஜெனிஃபா என் மனைவி. இதே அறையில் வேலை செய்தவள். இறந்து நான்கு மாதம். அவள் பதில் சொல்ல முடியாது.

அதனால், எல்லா மாட்யூலையும் சேர்த்து ஒரே புரோகிராமாக்கும் பில்டில், சோதனை போடும் ஒரு ப்ளக்இன் சேர்க்க உட்கார்ந்தேன். எந்த மாட்யூல் எதை நம்பி ஓடுகிறது என்று அது பார்க்கும். எழுதி வைத்ததும் உண்மையும் ஒத்துப்போகாவிட்டால் பில்டை நிறுத்திவிடும்.

"இன்னா ஜோவின், போலீஸ் ஸ்டேஷன் வைக்கிறியா?" என்றான் சூரியபிரகாஷ்.

"உம்மேல கேஸ் இல்லன்னா உனக்கு இன்னா பேஜார்?"

அமைப்புக் கோப்பை மூன்று முறை திருத்தினேன். நான்காவது முறை ஓடியது. நின்றது. பேக்கிங் மாட்யூல் அளவு மாட்யூலின் பெயரைச் சொல்கிறது, பயன்படுத்தவில்லை.

அவனுடைய கோப்புகளைத் திறந்தேன். ஜெனிஃபாவின் நிரல் அங்கே பிரதியாக இருந்தது. ஜனவரித் தேதி. தோலின் பின்பக்கம் 12-3 என்று எழுதியிருந்தால் பன்னிரண்டே முக்கால் சதுர அடி. கோட்டுக்குப் பின்னால் வருவது கால் சதுர அடிகளின் எண்ணிக்கை. பிரதி அதைப் பன்னிரண்டு புள்ளி மூன்று என்று படித்தது. தன் மாட்யூலில் ஜெனிஃபா அதை மார்ச்சிலேயே திருத்தியிருந்தாள்.

கோதண்டபாணியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"செத்துப்போன பொண்ணு மேலயா பழி போட்ட?" என்றார் அவனிடம்.

"அக்காதான் சார் காப்பி பண்ணிக்கச் சொன்னாங்க. அது தப்புன்னு யாரும் எனக்குச் சொல்லல."

"நல்லா சொல்ற கதை. நாளைலேர்ந்து வராத."

சூரியபிரகாஷ் என் பக்கம் திரும்பினான். "நீயே சொல்லு ஜோவின். அக்கா எதுனா சொன்னாங்களா?"

"இல்ல" என்றேன்.

அவன் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு போய்விட்டான். பிரதியை அழித்தேன். பில்ட் ஓடி முடிந்தது.

ஏப்ரலில், ஆஸ்பத்திரியில், தொண்டையில் குழாய் வைப்பதற்கு முன் அவள் கடைசியாகப் பேசினாள்.

"சூர்யாகிட்ட சொல்லிடுங்க. அவன் எடுத்தது பழசு, நான் மாத்திட்டேன்."