வேலி இருக்கா, மாப்பிள்ளை?

ஊரில் பாதிப் பேரை வெளியூர் அனுப்பி வைத்தவன் நான். பயண ஏற்பாட்டு அலுவலகத்தில் காட்டு விலங்குச் சுற்றுலா மேசை என்னுடையது. யார் வந்து உட்கார்ந்தாலும் டீ ஆறுவதற்குள் அவருக்கு எந்த இடம் சரிப்படும் என்று சொல்லிவிடுவேன். காட்டைக் கேட்டு வருகிறவர்கள் கடைசியில் விசாரிப்பது கழிவறையைப் பற்றித்தான். சிங்கம் வேண்டும், கொசு கூடாது. அதற்குத் தோதாக ஓர் இடத்தைத் தலையில் கட்டிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுவேன். தொழிலில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு, மறைப்பானேன்.

அந்தத் தலைக்கனத்தை இறக்கி வைத்தவர் என் மாமனார்.

அவர் உயிரியல் பூங்காவில் சிங்கப் பிரிவின் பராமரிப்பாளர். கண் திறக்காத குட்டியாக வந்த ஒரு பெண் சிங்கத்தைப் புட்டிப்பால் கொடுத்து வளர்த்தவர். இப்போது அதற்கு வயதாகிவிட்டது. பூங்காவில் எல்லோரும் அதைப் பெரியவள் என்றுதான் சொல்வார்கள். வேறு யார் இறைச்சி வைத்தாலும் பெரியவள் முகர்ந்துகூடப் பார்க்காது. அதனால் மாமா சேர்ந்தாற்போல் விடுப்பு எடுத்ததே இல்லை. கல்யாணம், காரியம் எல்லாவற்றுக்கும் அத்தை தனியாகத்தான் போவார். "உங்க வீட்டுக்காரர் வரலையா?" என்று யாராவது கேட்டால், "சக்களத்தி வீட்டுல இருக்காரு" என்பார். முதலில் கேட்பவர்கள் திடுக்கிட்டுப் போவார்கள். பிறகு சொந்தபந்தம் முழுக்க அந்தச் சிங்கத்துக்கு அதுவே பெயராகிவிட்டது.

மாமா ஓய்வு பெறும் நேரம் வந்தது. கொஞ்ச நாளாகப் புதிதாக வந்த ஒரு பெண் பராமரிப்பாளர் கையாலும் பெரியவள் சாப்பிடப் பழகியிருந்தது. "இப்பத்தான் மகராசிக்கு விட்டுக் கொடுக்க மனசு வந்துச்சு" என்றார் அத்தை. என் மனைவி உடனே முடிவு கட்டிவிட்டாள். அப்பாவுக்கு விலங்குகள், அம்மாவுக்குப் பழைய ஊர், பாட்டு, கூத்து. இரண்டும் சேர்ந்த ஒரு பயணம். எங்கே என்று தேர்ந்தெடுப்பது மட்டும் என் பொறுப்பு. இதெல்லாம் எனக்கு ஜுஜுபி என்று சொல்லிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மாமா வீட்டுச் சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு மூன்று கையேடுகளை விரித்தேன். முதலாவது, கண்ணுக்கெட்டிய தூரம் வரை புல்வெளி. அங்கிருந்து கடற்கரைக்குப் போனால் கல்லால் கட்டிய பழைய துறைமுக ஊர். வீட்டுக்கு வீடு வேலைப்பாடு செய்த மரக்கதவுகள். மாலையில் முற்றத்தில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து முழவு தட்டிப் பாடுவார்கள். இரண்டாவது, ஆறும் யானைக் கூட்டமும், முகமூடி ஆட்டம் ஆடும் கிராமங்களும். மூன்றாவது, சின்ன சரணாலயம். அதோடு ஓர் அருங்காட்சியகமும், சுற்றுலாக்காரர்களுக்காக ஓட்டல் கூடத்திலேயே ஆடிக்காட்டும் நடனமும். மூன்றாவதை நான் யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை. எண்ணிக்கைக்காக வைத்திருப்பது.

அத்தை முதல் கையேட்டில் தனித்தாளாக இருந்த கதவுப் படத்தை எடுத்தவர் கீழே வைக்கவில்லை. "ஒரு கதவு மாதிரி இன்னொண்ணு இல்ல பாரேன்" என்று மகளிடம் காட்டினார்.

மாமா கையேடுகளைத் தொடவில்லை. "இங்க வேலி இருக்கா, மாப்பிள்ளை?" என்று முதலாவதைக் காட்டிக் கேட்டார்.

"வேலியாவது ஒண்ணாவது! அதானே மாமா அங்க விசேஷமே."

"இதுல?"

"ஆத்துப் பக்கமும் கிடையாது."

"இதுல?"

"இதுல சுத்தி வேலி உண்டு."

"அப்ப இதையே பாருங்க" என்றார். எழுந்து போய்விட்டார்.

வீடு திரும்பும்போது எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "சிங்கத்துக்குச் சாப்பாடு போடுற மனுஷன் சிங்கத்துக்குப் பயப்படுறாரே!" என்றேன். மனைவி முறைத்தாள். அந்த வாரம் முழுக்கத் தொலைபேசியில் விதவிதமாகச் சொல்லிப் பார்த்தேன். வண்டியை விட்டு இறங்கவே வேண்டாம், கூடவே காவலர் வருவார், இதுவரை யாருக்கும் ஒரு கீறல்கூட விழுந்ததில்லை. எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வேலி இருக்கறதையே போடுங்க" என்பார். வாடிக்கையாளராக இருந்திருந்தால் போனை வைத்திருப்பேன்.

பயணத்துக்கான முன்பதிவு இடங்கள் தீர்ந்துகொண்டிருந்தன. ஒரு நாள் மதியம் நேரிலேயே பேசிவிடலாம் என்று பூங்காவுக்குப் போனேன்.

கூண்டுகளின் பின்பக்கம் நீளமான சிமென்ட் நடை. நடுவில் ஒரு வடிகால், சுவரில் சுருட்டி மாட்டிய தண்ணீர்க் குழாய், பினாயில் வாடை. மாமா வெளியே நின்றபடியே ஒரு பிடியை இழுத்தார். உள்ளே இரும்புக் கதவு நகர்ந்து, பெரியவள் திறந்தவெளிக்குப் போனது. கதவை மூடி, "பூட்டியாச்சு" என்று உரக்கச் சொன்னார். அந்தப் பெண் பராமரிப்பாளர் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு, "பூட்டியாச்சு" என்று திருப்பிச் சொன்னார். தனியாக இருந்தாலும் மாமா அதைச் சொல்லாமல் நகரமாட்டாராம்.

"மாமா, இன்னைக்குச் சொல்லிட்டா நல்லது" என்றேன். "தப்பா நினைக்காதீங்க. பயமா இருக்கா?"

"பயம்னுதான் வைங்களேன்" என்று சிரித்தார். பிறகு திறந்தவெளியைப் பார்த்த கம்பி ஜன்னல் வழியாகக் காட்டினார். "அவ நடக்கறதப் பாருங்க."

பெரியவள் சுவரோரமாக நடந்துகொண்டிருந்தது. அந்தப் பாதையில் மட்டும் புல் இல்லை. மூலைக்குப் போனதும் தோளைச் சுவரில் உரசித் திரும்பியது. உரசி உரசி அந்த இடம் வழுவழுப்பாகிவிட்டிருந்தது.

"அதுவரைக்கும்தான் போவா, திரும்பிடுவா. கால் பழகிப் போச்சு. தினமும் கதவ இழுத்து விடும்போது, 'போதும்டி, இவ்வளவு எடம் போதும்'னு சொல்லுவேன். அவளும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கா. அங்க போய் அவ சனம் இஷ்டத்துக்கு நடக்கறதப் பாத்துட்டு வந்தேன்னா, எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு மறுபடி அதையே சொல்லுவேன்?"

"நீங்கதான் ரிட்டையர் ஆகப் போறீங்களே மாமா."

"வேலையிலிருந்துதான். காலையில ஒரு நடை வந்து பாத்துட்டுப் போறேன்னு சொல்லி வச்சிருக்கேன்." தண்ணீர்க் குழாயை எடுத்துத் தரையைக் கழுவ ஆரம்பித்தார். "வேலி இருந்துச்சுன்னா அதுவும் கூண்டுதான், கொஞ்சம் பெருசு. மனசத் தேத்திக்கலாம்."

எனக்கு இரக்கமாக இருந்தது. கூடவே எரிச்சலும் வந்தது. இவர் மனசைத் தேற்றிக்கொள்வதற்காக அத்தை தன் கதவுகளை விட்டுக்கொடுக்க வேண்டுமா? வாழ்நாள் முழுக்க விட்டுக்கொடுத்தது போதாதா?

அந்த எரிச்சலோடுதான் மறு ஞாயிற்றுக்கிழமை மேசையில் எல்லோர் முன்னிலையிலும் விஷயத்தைப் போட்டு உடைத்தேன். மாமா தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். மனைவி என்னைக் காலால் இடித்தாள்.

"இதெல்லாம் மாப்பிள்ளைகிட்டச் சொல்லத் தெரியுது. எங்கிட்டச் சொல்லத் தெரியல" என்றார் அத்தை. எழுந்து போய்க் கதவுப் படத்தை எடுத்து வந்து கையேட்டுக்குள் வைத்தார். அவ்வளவுதான், மூன்றாவது இடம்தான் என்று நினைத்தேன்.

"உங்க மனசு நோகக் கூடாதுன்னு வேலி தேடறீங்க" என்றார் மாமாவிடம். "சரி. என் சக்களத்தியால போக முடியாது. அவளுக்காக யாராவது ஒருத்தர் போய்ப் பாத்துட்டு வர வேண்டாமா?"

"பாத்து?"

"பாத்துட்டு வந்து அவகிட்டச் சொல்லுங்க. இத்தனை வருஷம் போதும் போதும்னு சொன்னீங்கல்ல, இனிமே அதைச் சொல்லாதீங்க. உள்ளதச் சொல்லுங்க."

அத்தை அதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. அன்றைக்குத்தான் முதல் தடவையாகச் சக்களத்தி என்ற வார்த்தையைக் கேட்டு நாங்கள் யாரும் சிரிக்கவில்லை. மாமா சாப்பிட்டு முடித்தார்.

மறுநாள் காலை அவர் என் அலுவலகத்துக்கு வந்தார். என்னைக் கூப்பிடாமல் டோக்கன் எடுத்து, தன் முறை வரும்வரை மற்றவர்களோடு உட்கார்ந்திருந்தார். பிறகு என் எதிரில் வந்து அமர்ந்தார்.

"வேலி இல்லாத எடத்தையே போடுங்க மாப்பிள்ளை. உங்க அத்தைக்கு அந்தக் கதவு ஊரும் வேணும்."

கணினியில் புல்வெளிப் பயணத்தின் பக்கத்தைத் திறந்து விவரங்களை நிரப்பத் தொடங்கினேன். "அங்க ஒரு சிங்கம் ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் நடக்கும்?" என்று கேட்டார். எனக்குத் தெரியாது. அங்கே போனால் தெரிந்துவிடும் என்றேன். தலையாட்டினார்.

திரையில் அடுத்த கட்டம் வந்தது. பழக்க தோஷத்தில் எல்லோரையும் கேட்பதுபோல அவரையும் கேட்டுவிட்டேன். "எத்தனை பேர் போறீங்க?"

மாமா ஜன்னல் வழியே பூங்கா இருக்கும் திசையைப் பார்த்தார். பின்னால் ஒருவர் டோக்கனைச் சுருட்டியபடி காத்திருந்தார்.

"ரெண்டு பேர்தான்" என்றார்.